பனிக்கால சுகங்கள்

இங்கிலீஷ் பாடப் புஸ்தகங்களைக் கொண்டு கல்வி பயின்ற நம்மவர்க்குக் குளிர்காலம் என்றதும் மனக்கண்முன் எழுவது உறைந்த ஏரியும், வெண்பனி மூடிய கூரையும், கணப்படுப்பைச் சூழ்ந்து அமர்ந்த குடும்பமுமேயாம். அப்புஸ்தகங்களை நெட்டுருப் போட்டுப் பரீக்ஷை கொடுத்தவர்களில் பலருக்குத் தம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் குளிர்காலம் கண்ணிற் படுவதில்லை. நமக்குள்ள பருவங்கள் மூன்றே. சூடு, அதிகச் சூடு, மிக அதிகச் சூடு என்று ஹாஸ்யம் பேசுவதும் படித்தவர் கூட்டத்தில் வழக்கமாகிவிட்டது. வருஷத்தை ஆறு பருவங்களாகப் பிரித்து, கூதிர், முன்பனி, பின்பனி என்று அதிற் சரிபாதியைக் குளிருக்கே ஒதுக்கிய முன்னோரின் சந்ததியார் இவ்வாறு பேசுவது வேடிக்கைதான்.

நம் குளிர் தயாளமுள்ளது. லண்டன் நகரத்தில் டிசம்பர் மாதக் கடைசியில் பகற்பொழுது 8 மணி நேரங்கூட இல்லை. சென்னையில் வருஷத்தின் மிகக் குறுகிய பகலும் சுமார் 11 மணி 20 நிமிஷம் நீடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும், மேகமற்ற இரவில் பூமி தான் பகலில் வாங்கிய உஷ்ணத்தை விட்டுவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் புல்லின்மேல் துளியாகப் படிகிறது. நம் பனி இவ்வளவே. இதில் ஒரு வினோதமும் உண்டு. ஜனவரி முதல் வாரத்திலேதான் பூமி சூரியனுக்கு மிகவும் சமீபித்திருக்கிறது; ஜூலை மாதத்தைவிடச் சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் கிட்டத்தில். ஒரு சாட்சி கூண்டிலேறி இதைச் சொன்னால் எந்த வக்கீலும் குறுக்கு விசாரணையில் அவரைத் திணற அடித்துவிடலாம். ஆயினும் உண்மை அதுவே. வடபாதியின் மீது கதிர்கள் சாய்ந்து விழுவதே குளிருக்குக் காரணம்.

இக்காலத்துச் சுகங்களுக்கு விலையில்லை. விடியற்காலையில் கிணற்றிலிருந்து இறைத்த முதற் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டவர் அறிவர், அது வெதுவெதுப்பாயிருப்பதை. மண்ணுக்கடியிலுள்ள நீரின் நிலை பருவந்தோறும் அதிகமாக மாறுவதில்லை; வெளிக்காற்றுக் குளிர்ந்திருப்பதால் நீர் காய்ச்சியதுபோல் தோன்றுகிறது. பட்டணத்து மாடித் தொட்டிக்கு இந்த ரகசியம் தெரியாது. குளித்தபின் கீழ்வானத்தைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்து வெயில் காய்வது அடுத்த சுகம். 'வெயில் காய்தல்' என்றும் 'குளிர் காய்தல்' என்றும் நமது பாஷை சொல்லும் அழகைக் கவனிக்க வேண்டும். நெருப்பின் அருகில் இருப்பவன் காய்வது குளிரையாம்! ஈரத் துணியை உலர்த்துவதுபோல் உடம்பிலிருந்து குளிரை உலர்த்துகிறான்.

வாசலிலே கோலமும், சாண உருண்டையின்மேல் பறங்கிப் பூவும். தெருவிலே திருப்பாவை முப்பதும் திருவெம்பாவை இருபதும். கோவிலிலே இருள் பிரியுமுன் கையிற் சுடச்சுட விழும் வெண்பொங்கல். இவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. சங்கீதப் பிரியர்க்கு மார்கழி தனி உற்சவம். 1927-ம் வருஷம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாகவே 1928-ல் மியூசிக் அகாடமி ஏற்பட்டது என்பதையும், சபைகள் பலவற்றில் பகற் கச்சேரிகளை இன்றும் காசின்றிக் கேட்கலாம் என்பதையும் மட்டும் குறித்து மேலே செல்கிறோம்.

நாவின் சுகங்களில் முதலிடம் பெறத்தக்கது பனங்கிழங்கு. மொச்சைக்கும், சுட்ட சர்க்கரைவள்ளிக்கும், புதுவெல்லத்துக்கும் கக்ஷி பேசுவோர் உண்டு. நாம் பனையின் கக்ஷி. பழம் உதிரும் காலத்தில் பனங்கொட்டைகளைப் பொறுக்கி, மண்ணைக் குவித்துப் புதைத்து வைத்தால், மூன்று நான்கு மாதங்களில் கீழ்நோக்கிக் கிழங்கு இறங்குகிறது. மார்கழி, தை மாதங்களில் அதைத் தோண்டி, உப்பும் மஞ்சளும் இட்டு வேகவைத்து, தோலை உரித்து, நடுவிலுள்ள நரம்பை நீக்கி, நார் நாராகக் கிழித்து மென்று தின்னவேண்டும். அவசரக்காரருக்கு இது ஆகாது. உழவேண்டாம், உரமிட வேண்டாம். கொட்டை பொறுக்கியவன் எவனோ அவனே உடையவன். தமிழ்நாட்டின் ராஜ்ய விருக்ஷமென்று பெயர் பெற்றிருந்தும் பனை செங்கற் சூளைகளுக்கு இரையாகி வந்தது. கலெக்டரின் அனுமதியின்றி அதை வெட்டலாகாதென்று 2021-ல்தான் அரசாங்கத்தார் அறிவித்தனர்.

விலையில்லை என்றோம், முதல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கூரையும் ஒரு போர்வையுமே அந்த முதல். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பது பழமொழி. பனியின் உக்கிரத்தைச் சொல்வதாகவே இதை எல்லோரும் கொள்கிறார்கள். சட்டம் படித்த கண்ணுக்கு இதில் வேறொன்றும் தென்படுகிறது: தரையிற் படுப்பவனிடம் பனி தை மாதமே வந்துவிடுகிறது, மச்சு வீட்டுக்காரருக்கு மாசி வரையில் தவணை உண்டு.

இந்த வேற்றுமையைப் பண்டைப் புலவர் கண்டே இருந்தனர். நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையிலே, மழைக்கும் வாடைக்கும் ஒதுங்கி மேட்டு நிலத்தில் நெருப்பிற் கைகாயும் கோவலரும் வருகிறார்கள். சாளரங்களை அடைத்துத் தூபமுட்டியிருக்கும் அரண்மனையும் வருகிறது. அரசனோ அரண்மனையில் இல்லை. பாசறையிலே, நள்ளிரவிலே, தூறலில் நனைந்துகொண்டு, புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான்.

நம் காலத்துச் சரித்திரத்திலும் இப்படி ஒரு சம்பவம் உண்டு. அதை அநேகர் மறந்துவிட்டனர். 1885-ம் வருஷம் பம்பாயில் முதன்முதலாகக் கூடியது தொட்டுக் காங்கிரஸ் மகாசபை பெரும்பாலும் டிசம்பர் மாதக் கடைசி வாரத்திலேயே கூடிவந்தது. காரணம் தேசபக்தியுமன்று, ஜோசியமுமன்று. கோர்ட்டுகளுக்கு அப்பொழுது கிறிஸ்துமஸ் விடுமுறை. வக்கீல்கள் நடத்திய சபை வக்கீல்களின் ஓய்வு நாட்களில் கூடிற்று. அவர்களிடம் கம்பளிச் சட்டை இருந்தது. 1929-ல் லாகூரில், ராவி நதிக் கரையில், ஜவஹர்லால் நேருவின் தலைமையில் மகாசபை கூடியபொழுது நிலைமை வேறு. பிரதிநிதிகளாகவும் பார்வையாளர்களாகவும் ஏழைகளும் குடியானவர்களும் திரண்டு வந்தனர். பஞ்சாபின் குளிரோ எலும்பைத் தொடுவது. டிசம்பர் 31-ந் தேதி நள்ளிரவில் பூரண ஸ்வராஜ்யப் பிரகடனத்துடன் மூவர்ணக் கொடி ஏறியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதே மகாசபை இன்னொரு தீர்மானமும் நிறைவேற்றியது: காங்கிரஸ் ஏழை ஜனங்களின் பிரதிநிதி சபையாதலாலும், டிசம்பரில் கூடுவதால் அதிகப்படி உடைகளுக்காக ஏழைகளுக்குச் செலவு நேர்வதாலும், மகாசபையைப் பிப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்துக்கு மாற்றுவதென்று. அடுத்த மகாசபை 1931 மார்ச்சு மாதம் கராச்சியில் கூடிற்று.

ஒரு சாம்ராஜ்யத்தோடு போராடத் துணிந்த அதே நாட்களில், ஒரு கம்பளியின் செலவையும் கணக்கிலெடுத்த தலைவர்கள் அவர்கள். முதல் தீர்மானத்துக்குச் சிலைகள் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. நம் மதிப்பில் இரண்டும் ஒரே மனத்திலிருந்து பிறந்தவை.

காவிரிப் பாசனத்தில் சம்பா அறுவடைக் காலத்தில் களங்காக்கும் கூலியாள் வைக்கோலைப் பரப்பி, வைக்கோலையே போர்த்துப் படுக்கிறான். அது கதகதப்பானது, அதற்குக் குறையில்லை. பட்டணத்து நடைபாதையில் வைக்கோல் ஏது? 2010 ஜனவரியில் டில்லியின் கடுங்குளிரில் வீடற்றோர் மாண்ட செய்தி சுப்ரீம் கோர்ட்டுக்கு எட்டிற்று. இரவுத் தங்குமிடங்கள் அமைக்கும்படி உத்தரவுகள் பிறந்தன. நகரங்களில் 1 லட்சம் ஜனத்தொகைக்கு 100 பேர் தங்கக்கூடிய நிரந்தர விடுதி வேண்டுமென்று 2013-ல் ஏற்பட்ட தேசீய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்திலும் விதிக்கப்பட்டது.

நமது நேயர்களில் நகரசபை அங்கத்தினரும், அவர்களைத் தேர்தலில் நிறுத்தியவர்களும் பலர் இருக்கிறார்கள். தத்தம் ஊரின் ஜனத்தொகையை லட்சத்தால் வகுத்து, எத்தனை விடுதிகள் இருக்கவேண்டும், எத்தனை இருக்கின்றன, அவற்றில் எத்தனைக்கு இரவில் கதவு திறந்திருக்கிறது, பாயும் போர்வையும் உண்டா என்று ஒரு நாள் நேரிற் சென்று எண்ணிவரலாம். மார்கழியில் கேட்டால் அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று பதில் வரும். ஐப்பசி மழைக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுத்துவிடுவது உசிதம்.