நாம எங்க இருக்கோம்னு யாருக்குத் தெரியணும்?



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "மேடம், நான் பேங்க்குக்குப் போனாலும், அம்மா வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரருக்கு அப்பவே தெரிஞ்சிடுது. எப்படி?"

அவர் சம்மதத்தோடு போனைப் பார்த்தோம். கூகுள் மேப்ஸில் 'லொகேஷன் ஷேரிங்' ஓடிக்கொண்டிருந்தது. போனில் யார் எப்போது அதைப் போட்டார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை.

போன் எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?

சாதாரண பட்டன் போனாக இருந்தாலும், அது எந்த டவரோடு தொடர்பில் இருக்கிறது என்பது போன் கம்பெனிக்குத் தெரியும். டவர்கள் நெருக்கமாக உள்ள டவுனில் இடம் ஓரளவு துல்லியமாகத் தெரியும். கிராமத்தில் தோராயமாகத்தான் தெரியும்.

டச் போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது. செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, போனே தன் இடத்தைக் கணக்குப் போடும். நாம் 'அலோ' கொடுத்த செயலிகள் அதை இன்டர்நெட் வழியாக வெளியே அனுப்பும்.

நாம் செய்ய வேண்டியவை

* கூகுள் மேப்ஸைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு, 'லொகேஷன் ஷேரிங்' பாருங்கள். யார் பெயராவது இருக்கிறதா?
* செட்டிங்ஸில் 'லொகேஷன்' பகுதிக்குப் போய், தேவையில்லாத செயலிகளுக்கு அனுமதியை நிறுத்துங்கள்.
* கடன் செயலிகளிடம் கவனம் தேவை. நம் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் அவை எடுக்கக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி கொண்டு வந்தது. கேட்டால் கடனே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை

வீட்டில் அடி, மிரட்டல் உள்ள பெண்கள் அவசரப்பட்டு இதை நிறுத்த வேண்டாம். நிறுத்தியது தெரிந்தால் பிரச்சினை பெரிதாகலாம். முதலில் வேறொருவர் போனிலிருந்து 181-க்குப் பேசுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112.

"புருஷன் பெண்டாட்டிக்குள்ள என்ன ரகசியம்?" என்று கேட்பார்கள். ரகசியம் வேறு, சம்மதம் வேறு. ராத்திரி பஸ்ஸில் வரும்போது நாமே மகளுக்கு இடத்தை அனுப்பினால் அது பாதுகாப்பு. நமக்குத் தெரியாமல் பார்த்தால் அது வேவு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த உரிமை நமக்கும் உண்டு.

அடுத்த கூட்டத்துக்குப் போனோடு வாங்க. எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்!