மார்க்கச்சின் பொருத்தம்

திருப்பதி மாவட்டத்து நாகலாபுரம் போன்ற ஊர்களில், ஆடவர் நிற்கும் கடையில் அளவு கூற நாணி, கொடுத்த மார்க்கச்சை (வழக்கில் ‘பாடி’) வாங்கிவரும் மகளிர் உளர். தோள் வலியை வேலையின் களைப்பென்றே எண்ணிவிடுகின்றனர்.

மார்பகத்தின் பாரத்தைப் பெரிதும் தாங்கவேண்டியது தோள்பட்டியன்று. உடலைச் சுற்றிவரும் அடிப்பட்டியே. தோளில் பள்ளம் விழுதலும், முதுகில் பட்டி மேலேறுதலும் அது தளர்ந்துள்ளமைக்கு அடையாளங்கள்.

அளவெடுக்கத் தையல் நாடா ஒன்று போதும். மார்பகத்திற்குச் சற்றுக் கீழே இறுக்கமாகவும், மார்பின் முனைப்பான இடத்தில் தளர்வாகவும் சுற்றளவு காண்க. முன்னது 34 அங்குலம், பின்னது 36 எனில் வேறுபாடு 2. அது ‘பி’ கிண்ணம். 1 அங்குலமாயின் ‘ஏ’, 3 ஆயின் ‘சி’. தயாரிப்புதோறும் அளவு சிறிது மாறுமாதலின் அணிந்து பார்த்தலே முடிவானது. 34 ‘பி’யில் பட்டி மட்டும் தளருமாயின் 32 ‘சி’ கொள்க. 32 ‘பி’யின் கிண்ணம் சிறிதாகிவிடும். புதிய கச்சு, கொக்கியின் தளர்வான வரிசையிலேயே பொருந்துதல் வேண்டும். துணி நெகிழ நெகிழ உள்வரிசைக்கு மாற்றலாம்.

வளரும் சிறுமியர்க்குச் சில மாதங்களிலேயே அளவு மாறக்கூடும். ஆசிரியைகளும் மகளிர் களப்பணியாளரும் அளக்கும் முறையைத் தனியறையில் கற்பித்து, அளவைத் துண்டுத்தாளில் குறித்துக் கொடுக்கலாம். கடையில் அத்தாளை நீட்டினால் போதும்.