ஒளியை உண்ணும் மட்டி

கடல்நீர்த் தொட்டியில் இராட்சத மட்டி வளர்க்க விரும்புவோர் முதலில் ஒன்றை அறிதல் வேண்டும். அதன் பிரதான ஆகாரம் வெளிச்சத்திலிருந்தே கிடைக்கிறது. வண்ணச் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து மட்டிக்கும் ஊட்டுகின்றன. பிரகாசமான விளக்கு இன்றேல் அது மெல்லப் பட்டினியால் மடியும்.

தொட்டி அமைத்தபின் ஆறு மாதமாவது நீர் பக்குவப்பட விடுங்கள். வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியஸ், உப்பு லீற்றருக்கு 35 கிராம் என நிலைத்திருக்கட்டும். ஓடு வளரக் கல்சியமும் தேவை. பாறையைப் பற்றிய நார்களை இழுத்து அறுக்காதீர்கள்.

மிகப் பெரிய இனம் ஒரு மீற்றரையும் தாண்டி வளரும்; வீட்டுக்குச் சிறிய இனமே பொருந்தும். கடலில் பிடுங்கியதைத் தவிர்த்து, பண்ணையில் வளர்த்ததையே அனுமதிப்பத்திரத்துடன் வாங்குங்கள். பராமரிக்க இயலாதவர் வாங்காதிருப்பதே அவ்வுயிருக்குச் செய்யும் உபகாரம்.