உங்களுக்குத் தெரியுமா? – சின்ன வெங்காயம்

● சின்ன வெங்காயம் பெரிய வெங்காயத்தின் பிஞ்சு அல்ல. அதே இனத்தின் தனி வகை. ஒரு காயை நட்டால் அது பலவாகப் பிரிந்து கொத்தாக விளையும்.

● தமிழ்நாட்டில் இதன் விளைச்சலுக்குப் பேர்போனது பெரம்பலூர் மாவட்டம். விற்பனைக்குப் பேர்போனது திண்டுக்கல் சந்தை.

● காயை நடாமல் விதை போட்டே வளர்க்கக்கூடிய ரகம் கோ 5. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்தது; சுமார் 90 நாளில் அறுவடை.

● 2015-இல் புவிசார் குறியீடு பெற்ற பெங்களூரு ரோஸ் வெங்காயம் உருவில் சிறியதுதான். ஆனால் பெரும்பகுதி மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குக் கப்பலேறிவிடுகிறது.

● சென்னையை அடுத்த கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து மீன்குழம்பில் மணக்கும் தாளிப்பு வடகத்துக்கு அடிப்படையே சின்ன வெங்காயம்தான். வெங்காயத்தை இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு, விளக்கெண்ணெய் சேர்த்துப் பிசைந்து உருட்டி, கோடை வெயிலில் பல நாள் காயவைப்பார்கள். தாளிக்கும்போது ஒரு துண்டு உதிர்த்துப் போட்டால் போதும்.

● வெங்காய சாம்பார், வத்தக்குழம்புக்கு முழுசாகப் போடுங்கள். முதலில் எண்ணெயில் வதக்கி, பிறகே புளிக்கரைசலை ஊற்றுங்கள். புளிப்பு முந்திக்கொண்டால் வெங்காயம் எளிதில் வேகாது. பழைய சோற்றுக்குப் பச்சையாகவே கடித்துக்கொள்ளலாம்.

● உரிக்கச் சிரமமா? சிறிது நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். தோல் சுலபமாகக் கழன்றுவிடும். மீதியை ஈரமில்லாத, காற்றோட்டமான இடத்தில் பரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் அழுகிவிடும்.