உங்களுக்குத் தெரியுமா? கறவை மாட்டின் தீவனக் கணக்கு

● பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. பால் விலை நம் கையில் இல்லை. தீவனச் செலவு ஓரளவு நம் கையில்தான் இருக்கிறது.

● 400 கிலோ எடையுள்ள கலப்பின மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். தீவனத்தில் தண்ணீர் போக மிஞ்சும் எடைதான் உலர்பொருள். கோ-4 கம்பு நேப்பியர் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 25 கிலோ வெட்டிப் போட்டாலும் உள்ளே சேர்வது 5 கிலோ சொச்சம்தான். மீதியை வைக்கோலும் சோளத்தட்டையும் அடர்தீவனமும் ஈடுகட்ட வேண்டும்.

● அசோலாவில் 25 விழுக்காடு புரதம் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அது காய்ந்த அசோலாவின் கணக்கு. தொட்டியிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். 2 கிலோ போட்டால் 30 கிராம் அளவுக்குத்தான் புரதம் கிடைக்கும். ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கிலேயே அது இருக்கிறது. 10 லிட்டர் பாலோடு ஏறக்குறைய 320 கிராம் புரதம் மாட்டைவிட்டு வெளியேறுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அசோலாவைக் கூடுதலாகப் போடுவது நல்லது. அதை நம்பிப் புண்ணாக்கை நிறுத்திவிட்டால் சில நாளில் பால் குறையும், பிறகு மாடும் இளைக்கும்.

● கடலைப் புண்ணாக்கில் புரதம் ஏறத்தாழ 40 விழுக்காடு, தேங்காய்ப் புண்ணாக்கில் 20. ஆக, கடலைப் புண்ணாக்கின் பாதி விலைக்குக் கிடைத்தால்தான் தேங்காய்ப் புண்ணாக்கு புரதக் கணக்கில் கட்டுப்படியாகும். எது வாங்கினாலும் கிலோ விலையைப் புரத அளவால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கம்பெனித் தீவன மூட்டையிலும் புரத அளவைப் படியுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் ரகத்தில் குறைந்தது 22 விழுக்காடு, இரண்டாம் ரகத்தில் 20 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும்.

● சத்தும் குறையாமல் செலவும் கூடாமல் தீவனம் கலப்பதைக் கணித முறையில் தீர்க்கலாம் என்று 1951-லேயே அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஃபிரெடரிக் வா கட்டுரை எழுதிக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது கறவை மாட்டுத் தீவனத்தைத்தான். இன்று தேசிய பால்வள வாரியத்தின் மென்பொருள் இந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறது. மாட்டின் எடை, கறக்கும் பால், வீட்டில் இருக்கும் தீவனங்கள் ஆகியவற்றைச் சொன்னால் எதை எவ்வளவு போடலாம் என்று வந்துவிடும்.

● நெல் வைக்கோலில் புரதம் 3 அல்லது 4 விழுக்காடுதான். 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் அந்தப் புரத அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த யூரியாவிலிருந்து தங்கள் புரதத்தைக் கட்டிக்கொள்கின்றன. அவை செரிக்கும்போது மாட்டுக்குப் புரதம் கிடைக்கிறது. எடுத்த வைக்கோலைக் காற்றாட விட்டு, நெடி போனபின் கொடுங்கள். கன்றுகளுக்கு வேண்டாம். யூரியாவைத் தனியாகத் தின்னவோ, கரைத்த நீரைக் குடிக்கவோ விட்டுவிட்டால் மாடு செத்துப்போகும்.

● கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு அண்டா அண்டாவாகக் கொட்டுவதும், மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கு வீடு பொங்கல் ஊட்டுவதும் அன்பினால்தான். ஆனால் ஒரேயடியாகச் சேரும் மாவுச்சத்து வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். மாடு அசைபோடாமல், தீனி எடுக்காமல், சோர்ந்து படுத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். கோ பூஜையன்று ஒரு கவளம் போதும், மிச்சத்துக்கு அகத்திக்கீரை கொடுங்கள். தெரியாமல் அதிகம் தின்றிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

● பூக்காத இளஞ்சோளப் பயிரில், அதுவும் மழையில்லாமல் வாடியதில், சயனைடு நஞ்சு உண்டு. பூத்தபின் அறுங்கள்.

● பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். 1960-இல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம், தீவனத்தில் சேர்ந்த பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளடாக்சின் நஞ்சு கண்டறியப்பட்டதே அப்படித்தான். மாடு தின்றால் அதன் ஒரு பகுதி பாலில் இறங்கி, நம் பிள்ளைகளின் டம்ளர் வரை வருகிறது.

● காங்கேயம் மாடுகளை வளர்த்தது கொரங்காடு. கிளுவை வேலி, தரையெங்கும் கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள். அந்த மரத்தின் காய்களும் மாட்டுக்குத் தீனிதான். பாசனம் கேட்காத மேய்ச்சல் நிலம் அது. காங்கேயம், தாராபுரம் பக்கம் இன்னும் மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டும்.

● பாலில் 87 விழுக்காடு தண்ணீர். நன்றாகக் கறக்கும் மாடு வெயில் காலத்தில் நாளைக்கு 70, 80 லிட்டர்கூடக் குடிக்கும். இரண்டு வேளை வாளியில் காட்டினால் போதாது. கழுத்துக்கயிறு எட்டும் தூரத்தில் ஒரு தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும்.