ஊரைக் கேட்காமல் மண்ணைத் தோண்டலாமா?

2024 அக்டோபர் 1-ந் தேதி. தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் சப்-கலெக்டர் அலுவலகத்தில் அன்று ஒரு கூட்டம் நடந்திருக்க வேண்டும்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரம், கிள்ளியூர் தாலுகா. அங்கே கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய கிராமங்களில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் தாது மணல் எடுக்க வேண்டும் என்பது திட்டம். ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 2,800. திட்டம் போட்டது ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய சர்க்கார் கம்பெனி.

இதைப் பற்றி ஊரார் என்ன நினைக்கிறார்கள்? அதைக் கேட்பதற்குத்தான் அந்தக் கூட்டம்.

கூட்டம் நடக்கவில்லை. எதிர்ப்பு பலமாக இருந்தது. தள்ளி வைத்துவிட்டார்கள்.

கயிற்றில் ஒட்டி வந்த மணல்

இந்த மணலின் கதை பழையது. 1909-ம் வருஷம், திருவிதாங்கூரில் இருந்து கப்பல் ஏறிய தேங்காய் நார்க் கயிற்றில் மணல் ஒட்டியிருந்தது. ஷோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர் அதைச் சோதித்துப் பார்த்தார். அது மோனசைட்!

மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் இருந்தால் காஸ் விளக்குக்கு மேண்டில் செய்யலாம். கல்யாண வீடுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவார்களே, அதே மேண்டில்தான். மணவாளக்குறிச்சிக்கு மணல் ஆலை வந்தது இப்படித்தான்.

மேண்டிலுக்கு மவுசு போய்விட்டது. மணலுக்குப் போகவில்லை. அணுசக்திக்குத் தோரியம் வேண்டும். மின்சாரக் கார்களின் காந்தத்துக்கு, மோனசைட்டில் உள்ள அரிய தாதுக்கள் வேண்டும்.

ஆனால் மணலுக்கு மேலே வீடு இருக்கிறது. தென்னை இருக்கிறது. 2011 கணக்குப்படி இந்த மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வசித்தார்கள். தமிழ்நாட்டின் சராசரி 555 தான். இங்கிருந்து எழுந்தால் எங்கே போய்க் குடியிருப்பது?

"தாதுவைப் பிரித்துக்கொண்டு மீதி மணலைக் குழியிலேயே நிரப்பி, மரமும் நட்டுத் தருகிறோம். மோனசைட் போனால் கதிர்வீச்சும் குறையும்" என்பது கம்பெனியின் வாதம். மணல் மேட்டைக் கலைத்தால் கடல் உள்ளே வருமே, தோண்டும்போது கிளம்பும் தூசியால் நோய் வருமே என்பது மக்களின் பயம். 2004-ல் சுனாமியைப் பார்த்த கரை இது. பயத்தைக் குறை சொல்ல முடியாது.

சட்டத்தில் உள்ள வழி

இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் பேச வைக்கும் வழி 2006-ம் வருஷத்து சுற்றுச்சூழல் அறிவிக்கையில் இருக்கிறது. கூட்டம் பற்றி 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். கலெக்டரோ, அவருக்குப் பதிலாக உயர் அதிகாரி ஒருவரோ தலைமை தாங்க வேண்டும். பேசுவதெல்லாம் வீடியோவில் பதிவாகும். முடிவில் அதைத் தொகுத்து, தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். எழுதத் தெரியாதவரும் எழுந்து நின்று பேசலாம்.

இது ஓட்டுப் போடும் கூட்டம் அல்ல. "வேண்டாம்" என்று எல்லோரும் சொன்னாலும் திட்டம் தானாக நின்றுவிடாது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் கம்பெனி பதில் எழுதியாக வேண்டும்.

கூட்டம் திட்ட இடத்திலோ, அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும் என்பதும் விதி. தக்கலையோ கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்!

டில்லி உத்தரவு

தள்ளிப்போன கூட்டம் அப்படியே கிடக்க, 2025 செப்டம்பரில் டில்லியில் இருந்து ஓர் உத்தரவு வந்தது. அணு தாதுக்கள், முக்கிய தாதுக்கள் எடுக்கும் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றது சுற்றுச்சூழல் அமைச்சகம். நாட்டின் பாதுகாப்பு அதற்குச் சொன்ன காரணம். மோனசைட்டும் அணு தாதுதான். இனி இத்தகைய திட்டங்களை மத்திய அளவிலேயே பரிசீலிப்பார்களாம். தக்கலையே தூரம் என்றால், டில்லி?

உத்தரவைத் திரும்பப் பெறும்படி தமிழக அரசு பிரதமருக்கு எழுதியது.

ஊராட்சிகளில் இன்னொரு மேடை உண்டு. அது கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் அங்கே பேசலாம். தீர்மானம் போடலாம். திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனாலும் ஊரின் சொல் எழுத்தில் நிற்கும். 2022 முதல் நவம்பர் 1-ந் தேதியும் கிராம சபை நாளாகியிருக்கிறது. குமரி மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே தேதியில்தான்.