நீலக்கண் குட்டியும் இல்லாத ரசீதும்

போன மாதம் எங்கள் தெரு வேப்பமரத்தடியில் ஒரு பூனைக்குட்டியைப் புதைத்தார்கள். ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பெர்சியன் கிராஸ். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் கழிச்சல், ஆறாம் நாள் எல்லாம் முடிந்தது. மண் ஒட்டிய கையோடு வந்து, "சார், வித்தவன் மேல கேஸ் போட முடியுமா?" என்றார் வீட்டுக்காரர். ரசீது? இல்லை. தடுப்பூசி அட்டை? "முதல் ஊசி போட்டாச்சுன்னு சொன்னாரு." டாக்டர் சீட்டு? மெடிக்கலில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து ஊற்றியிருக்கிறார்கள். மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தக் குட்டியின் உடல். அதைத்தான் இப்போது புதைத்துவிட்டு வருகிறார். இந்தக் கதையை நான் கேட்பது இது முதல் தடவை இல்லை.

கிராஸ் குட்டி என்றால் நாட்டுப்பூனையின் உடல்வாகும் பெர்சியனின் அழகும் சேர்ந்தே வரும், நோய் அண்டாது என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. விற்பவர்களும் அதையே சொல்கிறார்கள். ஆனால் பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் உண்டு. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடம் அந்த மரபணு இருந்தாலே போதும், ஒவ்வொரு குட்டிக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கலப்பு என்பதால் அது விட்டுவிடாது. பத்து மாதம் தாண்டியதும் ஒரு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மூக்கு அமுங்கிய குட்டியானால் கண்ணில் நீர் வடியும், வெயிலில் மூச்சு வாங்கும். நம் ஊர் மே மாதத்தை நினைத்துக்கொண்டு முகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும் இடத்தில் நடக்கும் முதல் பொய் வயது. "ரெண்டு மாசக் குட்டி, கண்ணு பாருங்க, நீலம், ரேர் பீஸ்" என்பார்கள். பிறந்த குட்டிகள் எல்லாவற்றுக்கும் கண் நீலமாகத்தான் இருக்கும். ஆறேழு வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். வயது வந்த பிறகும் நீலக்கண்ணோடு இருப்பவை சில உண்டு என்றாலும், சந்தையில் காட்டப்படும் நீலம் பெரும்பாலும் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்துவிட்டதற்கு அடையாளம். சமையலறைத் தராசு ஒன்று கையோடு கொண்டுபோங்கள், வெட்கப்பட வேண்டாம். தோராயக் கணக்கு எளிது: மாதத்துக்கு 450 கிராம். இரண்டு மாதக் குட்டி 800, 900 கிராம் இருக்க வேண்டும். 500 கிராம் குட்டியை இரண்டு மாதம் என்று சொன்னால், ஒன்று வயது பொய், இல்லையென்றால் குட்டிக்கு உடம்பு சரியில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் தினம் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். இரண்டு நாள் எடை ஏறவில்லை என்றால் அது எச்சரிக்கை. இறங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சாப்பாட்டில் நடக்கும் தவறுகள் அன்பால் நடப்பவை. பசும்பால் குட்டிக்கு வயிற்றைக் கெடுக்கும். தயிர்சாதத்தில் வளர்ந்தால் டாரின் என்ற சத்து கிடைக்காது. அதைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். இல்லாவிட்டால் கண் பார்வை போகும், இதயம் பலவீனப்படும். சரி, இறைச்சியே போடுகிறேன் என்று வெறும் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியை மட்டும் மாதக்கணக்கில் போடுகிறார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, சோபாவிலிருந்து குதித்த குட்டிக்குக் கால் எலும்பு முறியும். ஒரு வயது வரை குட்டிகளுக்கென்றே தயாரித்த முழு உணவுதான் அடித்தளம், கோழி அதற்கு மேல் ஆசைக்கு. நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை. பிரியாணிக் கறி, குழம்பு மீன் எதுவும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்.

காய்ச்சல் மாதிரி இருக்கிறதென்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான சிரப்பும் அதே பாராசிட்டமால்தான். அரை மாத்திரையே ஒரு பெரிய பூனையைக் கொல்லக்கூடும், குட்டிக்கு அதைவிடக் குறைவே போதும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து மிச்சம் இருக்கிறதென்று கழுத்தில் தடவுவதும் இதே வகைதான்.

தெருவில் புதைத்த குட்டிக்கு வந்தது அநேகமாகப் பூனைகளின் பார்வோ, டாக்டர்கள் பான்லூக்கோபீனியா என்பார்கள். அநேகமாக என்றுதான் என்னால் சொல்ல முடியும், சோதிக்க யாரும் விடவில்லையே. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய இரண்டு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வந்த இரண்டு, மூன்று நாளிலேயே வாந்தி எடுக்கும் குட்டிக்குத் தொற்று பெரும்பாலும் விற்றவர் வீட்டிலேயே ஏற்பட்டிருக்கும். வழக்கின் உயிரே இந்தக் கணக்குதான். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் முத்தடுப்பூசி, பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் தாண்டும் வரை. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். "ஊசி போட்டாச்சு" என்ற வாய்ச்சொல் செல்லாது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் இருந்தால்தான் அது அட்டை.

இனி தாள் விவகாரம். வாங்கும்போதே பெயர், முகவரி, வயது, விலை எழுதிய ரசீது கேளுங்கள். தர மறுத்தால் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அனுப்பி, "இன்ன குட்டிக்கு இவ்வளவு அனுப்பினேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வையுங்கள். அந்த உரையாடலை அழிக்காதீர்கள். வாங்கிய இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டி எடை, வயது, உடல்நிலை எழுதிய ஓ.பி. சீட்டு வாங்குங்கள். குட்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பிறகு என்னிடம் வருகிறார்கள்.

குட்டி இறந்தால் புதைக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், புதைக்காதீர்கள். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், உறைந்தால் திசு கெடும். பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டியில் போட்டு 24 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறைக்குக் கொண்டுபோங்கள். சென்னையில் வேப்பேரி, மற்றபடி நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதி, பிரேதப் பரிசோதனை அறிக்கை கேளுங்கள்.

அறிக்கை வந்ததும் விற்றவருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ்: விலை, சிகிச்சைச் செலவு, பதினைந்து நாள் அவகாசம். பதில் இல்லையா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார். விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். முதலில் 1915-க்கு அழைத்தாலே சிலர் பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: இதெல்லாம் தொழிலாக விற்பவரிடம்தான் செல்லும். வீட்டில் ஈன்ற ஒரே ஈற்றைத் தந்த பக்கத்து வீட்டு அக்கா மீது இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கடையில் வாங்கியிருந்தால் இன்னொரு கதவும் உண்டு. 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடை, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அப்படி ஓர் அலுவலகத்தில் என்னிடம், "பூனைக்கெல்லாமா சார் புகாரு?" என்று சிரித்தார்கள். முத்திரை மட்டும் மூன்றாம் தடவை போனபோதுதான் விழுந்தது. சிரித்தால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, இந்தக் கடைக்குப் பதிவு உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் அவர்கள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.

குட்டி கடித்தாலோ கீறினாலோ, விளையாட்டுக்குத்தான் என்றாலும், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி அங்கே இலவசம்.

அந்த வீட்டுக்காரரை நேற்றுப் பார்த்தேன். பிள்ளை அழுகிறாள் என்று அடுத்த குட்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம். அந்தப் பார்வோ கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரை கிடக்கும், டெட்டாலுக்கெல்லாம் சாகாது. லிட்டருக்கு 30 மில்லி திரவ ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும், தட்டையும் படுக்கையையும் தூக்கிப்போட வேண்டும், வரும் குட்டிக்கு ஊசிகள் முடிந்திருக்க வேண்டும் என்றேன். தலையாட்டினார். ரசீது வாங்கினீர்களா என்று கேட்டேன். "அவரு தெரிஞ்சவருதான் சார்" என்றார்.